அத்தான் என்றால் அப்பீல் ஆகுமா?

தாராளமாக உட்காருங்கள். அந்தப் பொட்டலத்தை மட்டும் மிதித்துவிடாதீர்கள். குத்துவிளக்கு. நாலரைக் கிலோ. மேலே வைத்தால் பிரேக் போடும்போது யார் தலையிலாவது விழும். அப்புறம் நான் கல்யாண வீட்டுக்குப் பதிலாகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருக்கும். சங்கரன்கோவிலா? நல்லது, நானும் அங்கேதான். ஒன்றரை மணி நேரம் என்று கண்டக்டர் சொன்னார். ஒரு மணி நாற்பது நிமிடம். போன தடவை கடிகாரம் பார்த்துக்கொண்டே போனேன்.

நீங்கள் கைபேசியில் கிரிக்கெட் பார்க்கிறீர்கள், அதனால்தான் பேச்சுக் கொடுக்கிறேன். மகிமைதாஸை நினைவிருக்கிறதா? அதே மகிமைதாஸ்தான், தொடக்க ஆட்டக்காரர். ஐம்பத்தெட்டு டெஸ்ட், பதினோரு சதம், மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து ரன். பத்திரிகைக்காரர்கள் நாலாயிரம் என்று எழுதுவார்கள். முப்பத்தைந்து ரன்னை யார் எடுத்துக் கொடுத்தது? எழுதுகிறவரின் மாமாவா?

அது போகட்டும். அந்த மகிமைதாஸை உருவாக்கியது யார் தெரியுமா? பேட்டியில் கேட்டால் அப்பா என்பார், பயிற்சியாளர் என்பார். மரியாதைக்குச் சொல்வது. உருவாக்கியது இதுதான். பாருங்கள், இந்த ஆள்காட்டி விரல். இதைத் தூக்கி அல்ல. தூக்காமல்.

என் பெயர் குற்றாலநாதன். பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியர். சனி, ஞாயிறு மாவட்ட லீக்கில் அம்பயர். இருபத்தாறு வருடம் நின்றிருக்கிறேன், ஐந்து வருடத்துக்கு முன்னால்தான் விட்டேன். இந்த இருபத்தாறு வருடத்தில் ஒரு தப்பான தீர்ப்புக் கூடக் கொடுத்ததில்லை. சிரிக்காதீர்கள். ஒன்றே ஒன்று தப்பு என்று என் மனைவி ஆவுடை சொல்கிறாள். அதற்காகத்தான் இந்தப் பிரயாணம்.

ஆவுடைக்கு ஒரு தம்பி, பூதலிங்கம். எனக்கு மச்சினன். வெள்ளிக்கிழமை அவன் மகளுக்குத்தான் கல்யாணம். இன்று சங்கரன்கோவிலில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறான். முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் அவன் வேகப்பந்து வீச்சாளன். அந்த சீசனில் மட்டும் முப்பத்தேழு விக்கெட். எங்களுக்குக் கல்யாணம் ஆகி அப்போது இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே "அத்தான்!" என்று ஒரு கூப்பாடு போடுவான். தெருக்கோடி வரைக்கும் கேட்கும். தொண்டை அப்படி. இரண்டு இட்லி தின்றாலும் அத்தான், காற்று அடித்தாலும் அத்தான்.

அந்த வருடம் ஒரு மேட்ச். வழக்கமான அம்பயருக்கு அம்மை போட்டுவிட்டது. என்னை நிற்கச் சொன்னார்கள். "என் மச்சினன் ஆடுகிறான், வேண்டாம்" என்றேன். செயலாளர் கேட்கவில்லை. அது மட்டுமல்ல, அன்றைக்குச் சென்னையிலிருந்து மாநில அணித் தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். வேப்பமரத்தடியில் இரும்பு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். அவர் வந்தது யாரைப் பார்க்க? மகிமைதாஸை அல்ல. அந்தப் பையனை அப்போது அவன் தெருவில் கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. பூதலிங்கத்தைப் பார்க்க.

டாஸ் போட்டு முடிந்ததும் எதிரணிக் காப்டன் என்ன சொன்னான் தெரியுமா? எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான். "என்னவே இது, மச்சினன் பந்து போடுதான், அத்தான் விரலை வச்சுக்கிட்டு நிக்காரு. நாங்க இப்படியே வீட்டுக்குப் போயிரவா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் நான் அன்று காலையில் குளிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன் சார், நடுநிலை தவறக்கூடாது என்று. இதைப் பெருமையாகத்தான் ஆவுடையிடம் சொன்னேன். அவள், "குளிக்கும்போதே முடிவு பண்ணீட்டீயன்னா அப்புறம் எதுக்கு மேட்சைப் பாத்தீய?" என்று கேட்டாள். பெண்களுக்குச் சட்ட நுணுக்கம் புரிவதில்லை.

மானூர் வந்துவிட்டது. இருபத்தைந்து நிமிடம். சொன்னேன் அல்லவா?

சரி. மகிமைதாஸ் இறங்கினான். பதினேழு வயது. தொடக்க ஆட்டக்காரன் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் பந்து பழசான பிறகு வருவார்கள். இவன் புதுப் பந்தின் கோபத்தை முதல் ஆளாக வாங்கிக்கொள்ள வேண்டும். முதல் பந்தை விட்டான். இரண்டாவதையும் விட்டான். மூன்றாவது பந்து ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே விழுந்து வெளிப்பக்கமாகப் போனது. பையன் மட்டையை நீட்டினான். பந்து கீப்பர் கையில்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். கீப்பர் பந்தை மேலே தூக்கிப் போட்டுக் குதித்தான். ஸ்லிப்பில் நின்றவன் கீப்பரைக் கட்டிக்கொண்டான். ஒருவனும் வாய் திறந்து அம்பயரைக் கேட்கவில்லை. பூதலிங்கம் ஒருவன்தான் திரும்பினான். முழங்காலில் விழுந்து, இரண்டு கையையும் விரித்து, என்னைப் பார்த்துக் கத்தினான். எப்படிக் கத்தினான்?

"அத்தான்!"

சிரிக்கிறீர்கள். மைதானமே சிரித்தது. தேர்வாளரும் சிரித்தார். விதிப்புத்தகம் என்ன சொல்கிறது? கேட்காமல் அம்பயர் அவுட் கொடுக்கக்கூடாது. எப்படிக் கேட்க வேண்டும்? "ஹவ்ஸாட்" என்று. அத்தான் என்பது உறவுமுறை. உலகத்தில் எந்த விதிப்புத்தகத்தில் அத்தான் அப்பீலாகிறது? என் பையில் புத்தகம் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். வேண்டாமா? சரி.

நான் "நாட் அவுட்" என்றேன்.

அதற்குப் பிறகுதான் அத்தனை பேரும் ஹவ்ஸாட், ஹவ்ஸாட் என்று காக்கைக் கூட்டம் மாதிரிக் கத்தினார்கள். தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது என்றேன். மகிமைதாஸ் பெவிலியன் பக்கம் இரண்டடி நடந்திருந்தான். என் முகத்தைப் பார்த்துத் திரும்பி வந்தான். கையுறையைச் சரி செய்யத்தான் நடந்தான் என்று நினைக்கிறேன்.

ஆவுடை இதிலும் ஒரு கேள்வி வைத்திருக்கிறாள். "அது அப்பீலே இல்லைன்னா, எதுக்கு நாட் அவுட்டுன்னு பதில் சொன்னீய? சும்மா நின்னுருக்கலாம்லா?" அந்தக் கேள்வியை முப்பது வருடமாகப் பரிசீலித்து வருகிறேன்.

பந்து மட்டையில் பட்டதா என்கிறீர்களா? அந்தக் கேள்வியே எழவில்லையே. அப்பீல் இல்லாத இடத்தில் அது எதற்கு? நான் இயற்பியல் படித்தவன். இருபத்திரண்டு கஜத்தைக் கடக்க ஒலிக்கு ஒரு நொடியில் பதினேழில் ஒரு பங்கு போதும். அந்த நேரத்தில் சாலையில் லாரி போகலாம், வேப்பமரத்தில் காக்கை கத்தலாம். பிஞ்சு வெண்டைக்காயின் நுனியை ஒடித்தால் ஒரு சத்தம் வரும் பாருங்கள், ஒரு சின்ன டிக், அந்த மாதிரிச் சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

பூதலிங்கம் எழுந்தான். முழங்காலில் மண். பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, மெதுவாக, "சரி, அம்பயர் சார்" என்றான்.

அந்த நிமிடத்திலிருந்து முப்பத்தோரு வருடமாக நான் அவனுக்கு அம்பயர் சார்.

பேச்சு வார்த்தை நின்றுவிடவில்லை. அது வேறு. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். இவன் மரியாதையால் கொல்கிறான். தீபாவளிக்கு வருவான். "அம்பயர் சார், சாப்பிட்டீங்களா?" பொங்கலுக்கு வருவான். "அம்பயர் சார், உடம்பு எப்படி இருக்கு?" இப்போது அவன் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. உறையின் மேல் என்ன எழுதியிருக்கிறான்? உயர்திரு அம்பயர் குற்றாலநாதன் அவர்கள். தபால்காரர் என்னைக் கேட்டார், "சார் இன்னுமா அம்பயரா இருக்கீங்க?" என்று.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு மகிமைதாஸ் நூற்றுப்பதினான்கு. பூதலிங்கத்துக்குக் கோபத்தில் கை நிற்கவில்லை. தலைக்கு மேலே போட்டான், காலுக்கு வெளியே போட்டான், கீப்பர் எட்டாத இடத்தில் போட்டான். பதினாறு வைடு. அதில் ஒன்றைக் கூட நான் விடவில்லை. தேர்வாளர் யாரைப் பார்க்க வந்தாரோ அவன் பெயரை விட்டுவிட்டு, யாரென்றே தெரியாமல் வந்தவன் பெயரைக் குறித்துக்கொண்டு போனார். அடுத்த வருடத்தோடு பூதலிங்கம் பந்தை விட்டுவிட்டான்.

தண்ணீர் குடிக்கிறீர்களா? கொதிக்க வைத்து ஆறின தண்ணீர்.

அதற்குப் பிறகு மகிமைதாஸின் வாழ்க்கை எங்கள் அடுப்பங்கரையில்தான் நடந்தது. மாநில அணிக்குப் போனார். மூன்று வருடத்தில் இந்தியாவுக்கு. முதல் டெஸ்ட் ஆஸ்திரேலியாவில். நம் ஊரில் காலை ஐந்தரை மணி. குளித்து விபூதி பூசித் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தேன். மூன்றாவது பந்து. கீப்பரிடம் கேட்ச். பூஜ்யம். உள்ளே பால் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. ஆறு மணிக்கு சேமியாப் பாயசம், முந்திரிப்பருப்பெல்லாம் போட்டு. "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றேன். "ஒண்ணுமில்ல, மனசு நிறைஞ்சிருக்கு" என்றாள். இரண்டாவது இன்னிங்ஸில் எழுபத்தொன்று அடித்தார். ரசத்தில் உப்பு இல்லை.

அதுவே முறையாகிவிட்டது. அவர் அடித்த ஒவ்வொரு ரன்னும் என் கட்சிக்குச் சாட்சி. அவர் அவுட்டான ஒவ்வொரு தடவையும் அவள் கட்சிக்குச் சாட்சி. டெஸ்டில் அவர் ஒன்பது தடவை பூஜ்யம். வீட்டில் ஒன்பது பாயசம். சதம் அடித்தாலோ, மத்தியானம் முறத்தை எடுத்துக்கொண்டு என் நாற்காலிக்கு எதிரே வந்து உட்காருவாள். வெண்டைக்காய் நறுக்குவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்ப்பாள். டிக். என் முகத்தைப் பார்ப்பாள். டிக். பதினோரு சதம். நான் வெண்டைக்காய் சாப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. ஒத்துக்கொள்வதில்லை. வயிற்றுக்கு.

நடுவில் இரண்டு வருடம் அவரை அணியிலிருந்து தூக்கிவிட்டார்கள். முன்கால் போய்ச் சேருவதற்குள் பந்து வந்துவிடுகிறது என்றார்கள். வீட்டில் இரண்டு வருடம் நல்ல சாப்பாடு. எனக்குத்தான் இறங்கவில்லை. என்னையே தூக்கிவிட்ட மாதிரி இருந்தது. முன்காலைப் பற்றி அவருக்கு ஒன்பது கடிதம் எழுதினேன், படம் வரைந்து, கோணம் குறித்து. ஒன்றுக்குப் பதில் வந்தது. கையெழுத்துப் போட்ட புகைப்படம். கையெழுத்தும் அச்சடித்தது.

ஆனால் திரும்பி வந்தார் சார். முப்பத்து மூன்று வயதில் திரும்பி வந்தார். முதல் மேட்சிலேயே விலாவில் பந்து பட்டு எலும்பில் கீறல். கட்டுப் போட்டுக்கொண்டு ஒன்றரை நாள் நின்றார். நூற்றறுபத்தேழு. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விலாவைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அன்றைக்கு நான் அழுதேன். ஆவுடை கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முறத்தை எடுத்துக்கொண்டு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் ஆடுதான்" என்றாள். அப்புறம், "என் தம்பி பூதத்துக்கும் இப்படி விலா எலும்பு இருந்துச்சுல்லா" என்றாள்.

நான் தொலைக்காட்சியை அணைத்தேன்.

இது தேவர்குளம். இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது. தூக்கம் வந்தால் சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன். நிறுத்துவேனா என்பது வேறு விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் மகிமைதாஸ் பேட்டி. தலை நரைத்துவிட்டது. நானும் ஆவுடையும் தோசை சாப்பிட்டுக்கொண்டு பார்த்தோம். பேட்டி எடுத்த பெண், "உங்க வாழ்க்கையில பெரிய அதிர்ஷ்டம் எது சார்?" என்று கேட்டாள். அவர் யோசிக்கவே இல்லை. சிரித்தார். "பாளையங்கோட்டைல ஒரு லீக் மேட்ச். நான் ஜீரோ. அழகான பந்து, அதுக்கு அப்புறம் உலகம் பூரா ஆடியும் அந்த மாதிரிப் பந்து நாலஞ்சுதான் பாத்திருக்கேன். பேட்ல நல்லாவே பட்டுச்சு. நான் நடந்துட்டேன். அம்பயர் நாட் அவுட்டுன்னுட்டாரு. அன்னைக்கு அவுட்டுன்னா அப்பாவோட இரும்புக் கடைல ஆணி நிறுத்துக்கிட்டு இருந்திருப்பேன். அந்த அம்பயர் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்றார். "பந்து போட்டது யாரு சார்?" என்று அந்தப் பெண் கேட்டாள். "பேரு தெரியலைம்மா. உயரமா ஒரு அண்ணன்" என்றார்.

ஆவுடை கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். "நல்லாத்தான் இருக்காரு. தோசை தின்னுக்கிட்டு இருக்காரு" என்று தொலைக்காட்சியைப் பார்த்துச் சொன்னாள். மறுநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கல்யாண வேலை இருக்கிறதாம். வாசலில் நின்று ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். "இத்தனை வருசம் பொறுத்தாச்சு. வெள்ளிக்கிழமை மண்டபத்துல அவ்வளவு சனத்துக்கு முன்னால என் தம்பி உங்களை அம்பயர் சார்னு கூப்பிட்டான்னா, நான் திரும்பி வர மாட்டேன். அங்கேயே இருந்துக்கிடுவேன்." நான், "அவன் கூப்பிடுவதற்கு நான் என்ன செய்ய முடியும்?" என்றேன். "என்ன செய்யணும்னு உங்க விரலுக்குத் தெரியும்" என்றாள்.

நாலு நாளாக நானே சமைத்துச் சாப்பிடுகிறேன். அவள் ஏன் உப்புப் போடாமல் வைத்தாள் என்று அப்போது கோபித்துக்கொண்டேன். உப்புப் போட்டாலும் ரசம் அப்படித்தான் இருக்கிறது.

நேற்றுத் தொலைபேசியில் பேசினாள். "அம்பயர் சார் எந்த பஸ்சுல வாராங்கன்னு கேக்கான். ஸ்டாண்டுக்கு வந்து கூட்டிக்கிட்டு வாரானாம்" என்றாள். குரலே சரியில்லை.

நான் சும்மா கிளம்பவில்லை. ஆலோசித்துத்தான் கிளம்பினேன். விதியில் ஒரு இடம் இருக்கிறது. அம்பயர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆனால் உடனடியாக மாற்ற வேண்டும். உடனடி என்றால் எவ்வளவு? புத்தகத்தில் நிமிடக் கணக்குக் கொடுக்கவில்லை. பூமியின் வயதோடு ஒப்பிட்டால் முப்பத்தோரு வருடம் ஒன்றும் பெரிய காலம் அல்ல. சிரிக்காதீர்கள், நான் வாதத்துக்குச் சொல்கிறேன். அடுத்த சிக்கல், அவன் முறைப்படிக் கேட்க வேண்டும். கேட்காமல் நான் எப்படி விரலைத் தூக்குவது? "தம்பி, ஒரு தடவை ஹவ்ஸாட் என்று கேள்" என்று நானே சொல்லலாமா? அது அம்பயர் வீச்சாளனுக்கு உதவி செய்வதாகிவிடும். நடுநிலை என்ன ஆவது? ராத்திரி பூரா இதுதான் யோசனை.

இல்லை, தப்புச் செய்தேன் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. சந்தேகத்தின் பலனை இத்தனை வருடம் மட்டையாளருக்குக் கொடுத்தாயிற்று. அவர் வசதியாக இருக்கிறார். இனி வீச்சாளனுக்குக் கொடுத்தால் என்ன என்றுதான்.

சந்தேகம் இருந்ததா என்றா கேட்கிறீர்கள்? கெட்டிக்காரர்தான் நீங்கள். உத்தியோகம் என்ன? கோர்ட்டிலா? முகத்தைப் பார்த்தே நினைத்தேன்.

அந்த நுனியை ஒடிக்கிற சத்தம் இருக்கிறதே சார். பிஞ்சாக இருந்தால்தான் அப்படிக் கேட்கும். முற்றலாக இருந்தால் கேட்காது, வளையும். அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.

பனவடலிச்சத்திரம் எப்போது போனது? பேச்சில் கவனிக்கவில்லை. இதோ ஊர் வந்துவிட்டது. மணி பார்த்தீர்களா? ஒரு மணி முப்பத்தொன்பது நிமிடம். ஒரு நிமிடம் தப்பாகிவிட்டது. பரவாயில்லை, இன்றைக்கு ஒரு தப்பு இருக்கட்டும்.

அதோ, ஸ்டாண்டில் அந்த நீலச் சட்டை. உயரமாக. அவன்தான் பூதலிங்கம். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் பாருங்கள், கல்யாண வீட்டுக்காரன் மாதிரியா நிற்கிறான்? பந்து போட ஓடத் தொடங்குமுன் அப்படித்தான் நிற்பான். என்ன சொல்லப் போகிறான் என்று எனக்குத் தெரியும். "வாங்க அம்பயர் சார், பிரயாணம் எல்லாம் சௌகரியமா?" அதைச் சொல்லிவிட்டான் என்றால் நான் யோசித்து வைத்த அத்தனையையும் விட்டுவிட்டு, "சௌகரியம்தான்" என்று மட்டும் சொல்வேன். எப்போதும் அப்படித்தான்.

இல்லை, நீங்கள் இருங்கள். விளக்கை நானே தூக்கிக்கொள்கிறேன். இரண்டு கையும் வேண்டும் இதற்கு, அவ்வளவுதான். கண்டக்டர், வண்டி நின்றாகிவிட்டதா? நின்ற மாதிரிதான் இருக்கிறது. இந்தப் படி கொஞ்சம்... அம்மாடி!

ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. இன்னும் நிற்கவில்லை போலிருக்கிறது. நீங்கள் மட்டும் சட்டையைப் பிடித்திருக்காவிட்டால் விளக்கோடு சக்கரத்துக்கு அடியில் போயிருப்பேன். விளக்குக்கு ஏதாவது ஆனதா? இல்லையே?

கேட்டீர்களா? பிரேக் சத்தத்தைச் சொல்லவில்லை. அங்கிருந்து அவன் ஒரு கத்துக் கத்தினானே. பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கிறது பாருங்கள். அதே தொண்டை. என்னவென்று கத்தினான்? நீங்களே சொல்லுங்கள். நான் சொன்னால் ஒருதலைப்பட்சமாகிவிடும்.

ஆமாம். எனக்கும் அப்படித்தான் கேட்டது. தெளிவாகக் கேட்டது.

ஓடி வருகிறான் பாருங்கள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. ஐம்பத்து மூன்று வயதில் இப்படியா ஓடுவது? விதிப்படி பார்த்தால் இது அப்பீல் ஆகாது. விதிப்புத்தகம் பையில் இருக்கிறது, பையிலேயே இருக்கட்டும்.

சார், கொஞ்சம் இந்த விளக்கைப் பிடியுங்கள். வலது கை வேண்டியிருக்கிறது.